கறுப்புக் குழாயும் சிவப்புப் பொட்டும்

குடிவந்த மூன்றாவது வாரம் சமையலறைக் குழாயில் முதல் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பளபளப்பே இல்லாத கறுப்பு. அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்து நிற்கும். அந்தக் குழாய்க்காகக் கடைக்காரரிடம் 6 வாரம் காத்திருந்தவன் நான். புள்ளியை விரலால் தேய்த்தேன், போகவில்லை. எலுமிச்சை மூடியை வைத்துத் தேய்த்தேன், கொஞ்சம் போனது. மறுநாள் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்தேன். உப்பும் போனது, கூடவே கறுப்பும் போனது. உள்ளே இருந்த பித்தளை, வழுக்கை மாதிரி வட்டமாக எட்டிப்பார்த்தது.

பிளம்பர் வந்து பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். “சார், இது காவேரித் தண்ணிக்குச் செஞ்ச குழாய். உங்க வீட்டுல வர்றது போர் தண்ணி” என்றார்.

வீடு மேடவாக்கத்தில். 2021 தை மாதம் குடிவந்தோம். அதற்கு முந்தைய 8 மாதமும் என் போனில் ஆசைப்பட்ட வீட்டுப் பொருள்களின் படங்களுக்கென்றே ஒரு ஆல்பம் இருந்தது. கைப்பிடி இல்லாத கப்போர்டு, வெள்ளை சோபா, மேஜைக்கு மேல் தொங்கும் விளக்கு, திறந்த மர அலமாரியில் வரிசையாகப் பீங்கான் கிண்ணங்கள். அத்தனை படத்திலும் ஒரு மனிதர்கூட இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டிலோ நான், மனைவி, அப்போது 4 வயதான மகள், கும்பகோணத்திலிருந்து எங்களோடு வந்துவிட்ட அம்மா. அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வாதம். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு விரல் மடங்காது.

குழாய்க் கதையை முடித்துவிடுகிறேன். அசோசியேஷனில் தண்ணீரைச் சோதித்த அறிக்கையை அதற்குப் பிறகுதான் வாங்கிப் படித்தேன். கடினத்தன்மை லிட்டருக்கு 700 மில்லிகிராமுக்கு மேல். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 200 வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. அதையும் தாண்டிய தண்ணீர் எங்கள் குழாயில். சொட்டு காய்ந்தால் சுண்ணாம்பு மிஞ்சத்தான் செய்யும். கறுப்பில் அது பளிச்சென்று தெரியும், சுரண்டினால் பூச்சு போய்விடும். அந்தக் குழாய்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் மெத்தென்ற துணியால் ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். எங்கள் வீட்டில் அது நடக்காது. இப்போது இருப்பது சாதாரண குரோம் குழாய். வாரம் ஒருமுறை, தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்த துணியால் துடைத்து உடனே கழுவிவிடுகிறேன். குழாயின் வாயில் திருகியிருக்கும் சின்ன சல்லடையை மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறப்போட்டால் தண்ணீர் மறுபடி நேராக விழும். வீடு கட்டுபவர்கள், வாங்குபவர்கள், குழாய்க் கடைக்குப் போகும் முன் தண்ணீர் அறிக்கையைக் கேளுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

அடுத்தது சோபா. தந்த நிறம், தாழ்வான முதுகு, ஒல்லியான மரக்கால்கள். வந்த பத்தாவது நாள் மகள் அதன்மேல் ஏறி நின்று ரசம் குடித்தாள். ஏன் நின்றாள், ஏன் சோபாவில், என்ற கேள்விகளை எல்லாம் குழந்தை வளர்ப்பவர்கள் கேட்க மாட்டார்கள். டம்ளர் சாய்ந்தது. மஞ்சளாக ஒரு தேசப்படம்.

நான் ஓடிப்போய்த் துணி சோப்பைக் குழைத்து அதன்மேல் பூசினேன். என் கண்ணெதிரே மஞ்சள், சிவப்பாக மாறியது. ஏதோ ரத்தக்கறை மாதிரி. எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு கலந்தா சிவக்காதாடா? சோபாவுக்கு ஆரத்தி எடுத்திருக்கே போ” என்றாள்.

உண்மைதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். சுண்ணாம்பும் காரம், துணி சோப்பும் காரம். ஐம்பது ஆரத்தியாவது பார்த்திருப்பேன், ஆனால் சோப்பைக் கையில் எடுக்கும்போது அது ஞாபகம் வரவில்லை. அந்தக் குர்குமினுக்கே இன்னொரு குணம் உண்டு, வெயிலில் நிறம் இழக்கும். மஞ்சள் கறை பட்ட வேட்டியைத் துவைத்து வெயிலில் போட்டால் கறை மங்குவது அதனால்தான். ஆனால் என் சோபாவின் உறையைக் கழற்ற முடியாது. சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்திருந்தார்கள். மனைவியும் நானும் சோபாவை பால்கனிக் கதவோரம் நகர்த்தி, காலை வெயில் அதன்மேல் விழும்படி 3 வாரம் வைத்திருந்தோம். வருகிறவர்கள் எல்லாம் “ஏன் சோபா சுவரைப் பார்த்து இருக்கு?” என்று கேட்டார்கள். கறை முக்கால்வாசி போனது. மீதி கால்வாசியை ஒரு பவானி ஜமக்காளம் மூடிக்கொண்டிருக்கிறது. சிவப்பும் பச்சையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும் அந்த ஜமக்காளம்தான் இன்று எங்கள் கூடத்தில் பார்ப்பவர்கள் முதலில் விசாரிக்கும் பொருள். அதை நான் ஆல்பத்தில் சேர்த்திருக்கவே மாட்டேன்.

சோபா வாங்கப் போனால் முதலில் குனிந்து ஜிப் இருக்கிறதா பாருங்கள். இருக்கை, சாய்மானம் இரண்டின் உறையும் கழற்றி மாட்டும்படி இருந்தால் நிறத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். இல்லையென்றால் குழம்பு நிறத்திலேயே வாங்கிவிடலாம், கிண்டலுக்குச் சொல்லவில்லை.

கைப்பிடி இல்லாத கப்போர்டுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கும் அம்மாவுக்கும் நிஜமாகவே சண்டை வந்தது. கதவை லேசாக அழுத்தினால் ‘டக்’ என்று வெளியே தள்ளும் அமைப்பு. படத்தில் சுவர் மாதிரி வழவழவென்று இருக்கும். அம்மா சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது எண்ணெய் வேண்டுமென்றால், கை இரண்டிலும் மாவு. விரலால் அழுத்த முடியாது, முழங்கையால் இடிப்பாள். கதவு திறக்கும், ஆனால் பாதிதான். அந்த இடுக்கில் விரல் நுனியை நுழைத்து இழுக்க வேண்டும். அந்த நுனி விரல்தான் அம்மாவுக்கு மடங்காதது. ஒருநாள் எண்ணெய்ப் புட்டியை எடுக்காமலேயே அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “நீ வந்து திறந்து குடு. இது வீடா, லாக்கரா?”

எனக்குக் கோபம் வந்தது. செலவழித்தவனுக்கு வரும் கோபம். ஒரு வாரம் பேச்சு குறைவாக இருந்தது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் செய்வதையே நானும் செய்து பார்த்தேன். மாவுக் கையோடு, மேடைக்கு எதிரே நின்று, விரல்களை மடக்காமல். 12 கதவுகளில் 4 கதவைத்தான் திறக்க முடிந்தது. இன்னொன்றும் அப்போது தெரிந்தது. தள்ளும் அமைப்பு வேலை செய்ய, கதவுக்குப் பின்னால் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருப்பார்கள். கரப்பான் குஞ்சுக்கு அது ராஜபாட்டை.

ஆசாரியைக் கூப்பிட்டுக் கைப்பிடி போட்டோம். ‘ப’ வடிவத்தில் வளைந்த, எவர்சில்வர் கைப்பிடி. நான்கு விரலும் உள்ளே போகும், வேண்டுமானால் சுண்டுவிரலை மட்டும் மாட்டி இழுக்கலாம், மணிக்கட்டைக்கூட மாட்டலாம். அவர் சொல்லித்தான் தெரியும், கைப்பிடிகளின் இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரம் 96, 128, 160 மில்லிமீட்டர் என்று 32-இன் மடங்குகளாக வரும். அந்த அளவில் துளை போட்டால், பத்து வருடம் கழித்து வேறு கைப்பிடி மாற்றினாலும் அதே துளை உதவும். தனி அளவில் வரும் அழகான கைப்பிடியை வாங்கினால் பின்னால் கதவையே மாற்ற வேண்டியிருக்கும்.

மேடை உயரத்தில் மட்டும் தோற்றோம். மனைவி 5 அடி 5 அங்குலம், அம்மா 4 அடி 11. நிற்கும்போது முழங்கையிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது என்பார்கள். இரண்டு பேருக்கும் பொருந்தும் மேடை கிடையாது. 34 அங்குல மேடை மனைவிக்குத்தான் ஓரளவு சரி. அம்மா காய் நறுக்குவது சாப்பாட்டு மேஜையில், உட்கார்ந்து.

அந்தக் காய் நறுக்கலில்தான் நான் வாங்கியதில் உருப்படியான பொருள் ஒன்று இருக்கிறது. தோல் சீவி. விலை குறைவு என்பதால் ஆல்பத்தில் அது இல்லவே இல்லை. பருமனான கறுப்பு ரப்பர் பிடி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அமுங்கும் இடத்தில் மெல்லிய மடிப்புகள். அம்மா முதல் நாள் அதில் இரண்டு சுரைக்காயைச் சீவிவிட்டு, மூன்றாவதுக்குச் சுரைக்காய் இல்லாமல் கேரட்டை எடுத்தாள். இந்த மாதிரிப் பிடிக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்று பாத்திர வியாபாரத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர். அவர் மனைவி பெட்சிக்கு கையில் மூட்டுவாதம். தோல் சீவ அவர் படும் பாட்டைப் பார்த்துத்தான், பருத்த, வழுக்காத பிடி வைத்த கருவிகளை ‘ஸ்மார்ட் டிசைன்’ என்ற நியூயார்க் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கினார். 1990-இல் ‘ஆக்ஸோ குட் கிரிப்ஸ்’ என்ற பெயரில் வந்தது. வலி உள்ள கைக்காகச் செய்தது, வலி இல்லாத கைக்கும் பிடித்துப்போனது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில்கூட அந்தத் தோல் சீவி இருக்கிறது. நான் வாங்கியது அதே மாதிரியில் பாத்திரக் கடையில் தொங்கிய பெயர் தெரியாத ஒன்று. ஆனால் அம்மாவின் விரலுக்கு அது போதும்.

வாங்கி ஏமாந்ததில் எனக்கு இன்னும் மனசு ஆறாதது ஒரு கண்ணாடி ஜாடி. மேலே மெல்லிய கழுத்து, கீழே மணி மாதிரி வயிறு. தண்ணீர் ஊற்றி மேஜையில் வைத்தால் வீடே ஹோட்டல் மாதிரி இருந்தது. 2 மாதத்தில் உள்ளே அடிப்பக்கம் வெள்ளையாக உப்புப் படலம். கை போகாது, நார் போகாது. அரிசியும் கல்லுப்பும் போட்டுக் குலுக்கினேன், வினிகர் ஊற்றி வைத்தேன், நீளப் பிரஷ் வாங்கினேன், அதன் தலை எட்டாத வளைவில்தான் அழுக்கே இருந்தது.

அம்மா அருகில் இருந்த செம்பை நகர்த்திக் காட்டினாள். வாய் அகலம், கழுத்து கொஞ்சம் ஒடுங்கி விரல் சுற்றிப் பிடிக்க வாகு, விளிம்பு வெளியே மடிந்திருப்பதால் ஊற்றும்போது வழியாது, உள்ளே முழுக்கை போகும், சாம்பல் போட்டும் தேய்க்கலாம், புளி போட்டும் தேய்க்கலாம். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசின் அழைப்பில் இங்கே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு 1958-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாக அதுதான் அடித்தளம். அந்த அறிக்கையில் அவர்கள் வியந்து எழுதிய பொருள் எது தெரியுமா? இந்த லோட்டாதான், நம் செம்பு. எவ்வளவு கொள்ளும், இடுப்பில் எப்படி உட்காரும், நிறைந்திருக்கும்போது கனம் எங்கே விழும், எப்படிக் கழுவுவது என்று அதைச் செய்தவர்கள் எத்தனை யோசித்திருக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். நான் மட்டும் ஹோட்டல் மாதிரி ஜாடிக்கு ஆசைப்பட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜாடியில் இப்போது மணி பிளான்ட் வளர்கிறது. கைக்கு எட்டாத அழுக்குக்கு அது சரியான இடம்.

பழையது எல்லாம் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. அம்மாவே அப்படிச் சொல்ல மாட்டாள். மின்சாரம் குறைவாக எடுக்கும் மோட்டார் வைத்த பிஎல்டிசி மின்விசிறி வந்ததும் முதலில் தன் அறைக்குத்தான் கேட்டாள், ஏனென்றால் சத்தமே இல்லை. பழைய விசிறி 75 வாட் எடுத்தது, இது 28 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு ஒரு விசிறியில் 200 யூனிட் மிச்சம். கரன்ட் போனால் இன்வெர்ட்டரிலும் நெடுநேரம் ஓடும். 2023 ஜனவரியிலிருந்து மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம் என்பதால் கடையில் ஒப்பிடுவதும் சுலபம். இதில் ஒரே தொல்லை ரிமோட். தலையணைக்கு அடியில், ஜமக்காளத்துக்கு அடியில், ஒருநாள் அரிசி டப்பாவில்கூட இருந்தது. அதற்குச் செருப்பில் வருகிற வெல்க்ரோ பட்டையை வாங்கி, ஒரு துண்டை ரிமோட் முதுகிலும் இன்னொன்றைக் கட்டில் பக்கத்துச் சுவரிலும் ஒட்டினோம். சுவரில் பழைய ரெகுலேட்டர் இருந்தால் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி எடுத்துவிடுங்கள், இந்த விசிறிகளுக்கு அது ஒத்துவராது.

மேஜைக்கு மேலே தொங்கும் விளக்கும் நல்லதுதான், பல்பில்தான் தப்பு செய்தேன். 6500 கெல்வின் என்று போட்டிருந்த வெள்ளை பல்ப். அதன் கீழே சாம்பார், சாம்பல் நிறத்தில் இருந்தது. மனைவி இரண்டு நாள் பருப்பை மாற்றிப் பார்த்தாள் பாவம். மஞ்சள் சாயலில் எரியும் 3000 கெல்வின், நிறம் காட்டும் அளவான சிஆர்ஐ 90-க்கு மேல் உள்ள பல்பை மாட்டியதும் சாம்பார் சரியாகிவிட்டது. இந்த எண்கள் பெரும்பாலும் பல்ப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும்.

திறந்த அலமாரி பற்றி ஒரே வரி: தினமும் தாளிக்கிற வீட்டில் அடுப்புப் பக்கம் வேண்டாம்.

இன்னொரு பொருளில் அம்மா சொன்னது எனக்குப் புரிய நாளானது. இரட்டைச் சுவர் கொண்ட எவர்சில்வர் டம்ளர். உள்ளே காபி கொதித்தாலும் வெளியே கை சுடாது. அம்மாவின் விரலுக்கு வாகாக இருக்கும் என்று ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். முதல் வாயிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டாள். “கை சொல்லணும்டா, குடிக்கலாமா கூடாதான்னு. இது வாயை மூடிண்டு இருக்கே” என்றாள். 60 வருடமாகப் பித்தளை டபராவில் ஆற்றி, டம்ளரின் சூட்டை விரலால் அளந்து குடித்தவள். அந்தச் சூடு அவளுக்குத் தொல்லை இல்லை, செய்தி. டம்ளர் இப்போது எனக்கு. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மறந்துபோய்க் குடிக்கிற ஆள், அரை மணி நேரம் சூடு நிற்பது எனக்குச் சௌகரியம். ஒரே பொருள்தான், ஒருத்தருக்கு ஆகவில்லை, இன்னொருத்தருக்கு ஆனது.

இதெல்லாம் ஆன பிறகு கடைக்குப் போகும் விதமே மாறிவிட்டது. பையில் ஒரு இஞ்ச் டேப்பும் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றும் இருக்கும். காந்தம் இண்டக்‌ஷன் அடுப்புக்காக. அடிப்பாகத்தில் காந்தம் கெட்டியாக ஒட்டினால்தான் பாத்திரம் சூடாகும். தாமிர நிறத்தில் தட்டித் தட்டிச் செய்த அழகான கடாய் ஒன்றைக் காந்தம் வைத்துப் பார்க்காமலே வாங்கி வந்தேன், அது இன்று பால்கனியில் தொட்டியாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், காந்தம் ஒட்டாவிட்டால்தான் நல்ல எவர்சில்வர் என்பது பாத்திரக் கடையில் அம்மா காலத்துச் சோதனை. இண்டக்‌ஷனுக்கு அது அப்படியே தலைகீழ். நானும் அம்மாவும் ஒரே கடையில் ஒரே காந்தத்தை வைத்து எதிரெதிராகத் தலையாட்டிக்கொண்டு நின்றோம்.

கடைக்காரரிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டு, கையை நனைத்துக்கொண்டு மூடியைத் திறந்து பார்ப்பேன். டப்பாவின் மூடி ஈரக்கையில் வழுக்கினால் வைத்துவிடுவேன். உள்ளே கை போகிறதா பார்ப்பேன். ஒரு கேள்வி கட்டாயம் கேட்பேன்: இதன் ரப்பர் வளையம், பிளேடு, மூடி தனியாகக் கிடைக்குமா? “அதெல்லாம் தேவைப்படாது சார்” என்று பதில் வந்தால் கிடைக்காது என்று அர்த்தம். உயரமான புத்தக அலமாரி வாங்கினால், அதே நாளில் சுவரோடு சேர்த்து ‘எல்’ வடிவக் கிளாம்ப் அடித்துவிட வேண்டும், வீட்டில் ஏறுகிற வயதுக் குழந்தை இருந்தால் மறுநாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது. எங்கள் மகள் இரண்டாவது தட்டு வரை ஏறியதைப் பார்த்த பிறகுதான் நான் டிரில்லைத் தேடினேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

இவ்வளவு பார்த்தும், போன வருடம் வாங்கிய வாஷிங் மெஷினில் கோட்டை விட்டேன். முன்பக்கம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. பட்டனே கிடையாது, தொட்டால் எரியும் எழுத்துகள், ஒல்லியாக, சாம்பல் நிறத்தில். அம்மாவுக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. “எங்கே தொடணும்னே தெரியலையே” என்றாள். நான் மூன்று நாள் பாடம் எடுத்தேன். நான்காம் நாள் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், துணி துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது.

மெஷின் நெற்றியில் மூன்று ஸ்டிக்கர் பொட்டு. ஆன் செய்யும் இடத்தில் பெரிய சிவப்பு. தினசரித் துணிக்கு மெரூன். துவங்க வேண்டிய இடத்தில் மகளின் பச்சைக் கல் வைத்த பொட்டு, அது மேடாக இருப்பதால் பார்க்கவே வேண்டாம், தடவினாலே தெரியும். ஒவ்வொன்றையும் தொடும் இடத்துக்கு அரை விரல் மேலே ஒட்டியிருந்தது, எழுத்து மறையாமல். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். “ரெண்டு பேரும் சேந்து பண்ணினோம்” என்றாள் மகள்.

போன மாதம் மைக்ரோவேவ் வந்தது. பெட்டியைப் பிரித்து, தெர்மாகோலை எடுத்து, பிளக்கை நான் இன்னும் மாட்டக்கூட இல்லை. அம்மா மகளைக் கூப்பிட்டாள்.

“கண்ணு, உள்ளே போய் அந்தப் பொட்டு அட்டையை எடுத்துண்டு வா.”